வோர்: நார்வேயின் வசந்தச் சொல் வந்த வழி

நார்வேக்காரர்கள் வசந்தத்தை 'வோர்' என்கிறார்கள். நாம் 'வசந்தம்' என்கிறோம். காதில் கேட்டால் முதலெழுத்தைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் மொழியியலாளர்கள் இரண்டையும் ஒரே மூலச்சொல்லின் கீழ்தான் வைக்கிறார்கள். தமிழுக்குச் சொந்தமான சொல் இளவேனில். 'வசந்தம்' வடமொழியிலிருந்து நம்மிடம் வந்தது. ஆகவே ரத்த உறவு நார்வேஜிய மொழிக்கும் சமஸ்கிருதத்துக்கும் இடையில்தான். நாம் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கி நம்முடையதாக்கிக் கொண்டவர்கள்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, ஒலி எப்படித் தேய்ந்து மாறியது என்பது. அகராதிகள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். இன்னொன்று, அந்தச் சொல் குறிக்கும் பருவமே ஊருக்கு ஊர் நகர்ந்து போனது. ஓரிடத்தில் அது பனி உருகும் காலம், ஓரிடத்தில் முழுக்கோடை, ஓரிடத்தில் மாட்டுக்குத் தீவனம் தீர்ந்து போகும் மாதங்கள். எனக்கு இந்த இரண்டாவது சங்கதிதான் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் ஒலியில் தொடங்கினால்தான் அதற்குள் போக முடியும்.

நார்வேஜிய எழுத்தில் இந்தச் சொல்லின் நடுவில் தலையில் சிறு வட்டம் வைத்த ரோமன் 'ஏ' (å) எழுத்து இருக்கும். அதை நெடில் 'ஓ' போல உச்சரிப்பார்கள். நார்வேயில் இந்த எழுத்து அதிகாரபூர்வமாக வந்தது 1917ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில்தான். அதற்கு முன் இரண்டு 'ஏ' எழுத்துகளை (aa) அடுத்தடுத்துப் போட்டார்கள். பழைய புத்தகங்களைப் புரட்டினால் 'வார்' என்று படிக்கத் தோன்றும். வாய் என்னவோ 'வோர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னும் பின்னால், வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிக்குப் போனால், அங்கே அது உண்மையிலேயே 'வார்'தான். நெடில் 'ஆ'. இடைக்காலத்தில் இந்த நெடில் 'ஆ' வாய் குவிந்து 'ஓ' பக்கம் சாய்ந்தது. இது ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததில்லை. படகுக்கு 'பாட்ர்' என்றிருந்தது இன்று 'போட்'. பெருவாத்துக்கு 'காஸ்' என்றிருந்தது இன்று 'கோஸ்'. ஆண்டுக்கு 'ஆர்' என்றிருந்தது இன்று 'ஓர்'.

ஆண்டு 'ஓர்', வசந்தம் 'வோர்' என்றதும் இரண்டும் ஒன்றோ என்று தோன்றும். இல்லை. ஆண்டுச் சொல்லின் முன்னால் ஒரு காலத்தில் 'ய' ஒலி இருந்தது. ஆங்கிலத்தின் 'இயர்', ஜெர்மனின் 'யார்' இரண்டிலும் அது தப்பிப் பிழைத்தது. வடக்கு மொழிகள் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ய' ஒலியை உதிர்த்துவிட்டன. அப்படி மிஞ்சியதுதான் 'ஓர்'. வசந்தச் சொல் வேறு வழியாக வந்து அதன் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இப்படி ஒலியால் ஏமாற்றும் சொற்கள் இன்னும் உண்டு. நார்வேஜிய மொழியில் 'வோர்' என்றால் 'எங்கள்', 'நம்' என்றும் பொருள். எழுத்தும் அதேதான், உச்சரிப்பும் அதேதான். இந்த இரட்டைப் பொருளால் விளைந்த வேடிக்கை ஒன்று பக்கத்து நாடான சுவீடனில் இருக்கிறது. மார்ச் 25, கன்னி மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாள். சுவீடிய மொழியில் அதற்கு 'வோர் ஃப்ரூ' நாள் என்று பெயர், அதாவது 'நம் அன்னை'யின் நாள். வேகமாகச் சொல்லிச் சொல்லி அது 'வாஃபெல்' நாளாக மருவிவிட்டது. இன்றும் அந்தத் தேதியில் அங்கே வீடுகளில் வாஃபிள் சுடுகிறார்கள். நார்வேயும் இந்த வழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. திருநாள் வசந்தத்தில் வருவதால் அந்த 'வோர்' பருவத்தைக் குறிக்கிறது என்று நினைப்பது எளிது. ஆனால் அது 'நம்' என்ற சொல்.

பழைய நார்ஸ் புராணத்தில் 'வார்' என்று ஒரு தேவியும் இருக்கிறாள். வசந்த தேவி என்று இணையத்தில் சிலர் அவளைக் கொண்டாடுகிறார்கள். அவள் வேலை வேறு. ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் தரும் வாக்குறுதிக்கு அவள் காவல், வாக்கு மீறியவரைத் தண்டிப்பவளும் அவள்தான். 'உறுதிமொழி' என்ற பொருளுள்ள வேறொரு சொல்லிலிருந்து வந்தது அவள் பெயர்.

சரி, பழைய நார்ஸ் 'வார்' எங்கிருந்து வந்தது? இங்கே எழுத்துச் சான்று நின்றுவிடுகிறது. இதற்கு மேல் உறவு மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்துக் கணிக்க வேண்டியதுதான். இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியை இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்பார்கள். அப்படிக் கணித்த அதன் மூலச்சொல் ஏறத்தாழ 'வெஸ்ர்' என்று ஒலித்திருக்கும். நடுவில் 'ஸ்' இருந்தது என்பதற்குச் சாட்சிகள் பல. லிதுவேனிய மொழியில் 'வாசரா', ரஷ்ய மொழியில் 'வெஸ்னா', போலந்து மொழியில் 'வியோஸ்னா', சமஸ்கிருதத்தில் 'வசந்த'. இவை எல்லாவற்றிலும் 'ஸ' ஒலி இன்றும் இருக்கிறது.

மற்ற இடங்களில் அந்த 'ஸ்' பலவிதமாகக் கரைந்தது. லத்தீனில் 'வேர்' என்று மட்டும் மிஞ்சியது. கிரேக்கம் இன்னும் ஒருபடி மேலே போனது. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் 'ஸ்' ஒலியையும் விட்டது, தொடக்கத்து 'வ' ஒலியையும் விட்டது. மிஞ்சியது 'எஅர்'. பாரசீகத்தில் 'ஸ்' ஒலி 'ஹ்' ஆகும். 'சிந்து' அங்கே போய் 'ஹிந்து' ஆனதும் இதே மாற்றத்தால்தான். பழைய பாரசீக மாதப் பெயர் ஒன்றின் வாலில் 'வாஹர' என்று இந்தச் சொல் வருகிறது. பிறகு தொடக்கத்து 'வ' ஒலியும் 'ப' ஆகி, இன்றைய 'பஹார்' பிறந்தது. உருது கஜல்களில் பூத்துக் குலுங்கும் அந்த பஹார் இதுதான். ஆர்மீனிய மொழியில் 'வ' ஒலி 'க' ஆனதால் அவர்கள் 'கருன்' என்கிறார்கள். 'கருன்', 'பஹார்', 'வோர்' மூன்றும் ஒன்று என்று யாராவது சும்மா சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த மொழியில் வேறு பல சொற்களிலும் இதேபோல நடந்திருக்கிறது. அந்த ஒழுங்குதான் ஆதாரம். நார்ஸ் மொழியில் 'ஸ்' சரியாக எந்தப் படிகளில் கரைந்தது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே சிறுசிறு கருத்து வேறுபாடுகள் உண்டு.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. நார்வே, லத்தீன், கிரேக்கம், லிதுவேனியம், பாரசீகம் எல்லாம் சொல்லின் பின்பகுதியில் 'ர' வைத்திருக்கின்றன. ரஷ்ய 'வெஸ்னா', சமஸ்கிருத 'வசந்த' இரண்டிலும் 'ன' ஒலி வருகிறது. இது தனித்தனியாக நடந்த பிழையா? இல்லை. மூலமொழியில் ஒரு பழைய வகைப் பெயர்ச்சொல் இருந்தது. எழுவாயாக வரும்போது அதன் கடைசியில் 'ர்' நிற்கும். வேற்றுமை உருபு ஏறும்போது அது 'ன்' ஆகிவிடும். நம் 'மரம்' உருபேற்கும்போது 'மரத்தை', 'மரத்தில்' என்று வடிவம் மாறுவதைப் போல. இந்த வகைக்கு மிகத் தெளிவான சாட்சி, இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழி. தண்ணீருக்கு அவர்கள் சொல் 'வாதர்', தண்ணீரினுடைய என்றால் 'விதெனஸ்'. பிற்கால மொழிகள் ஒவ்வொன்றும் இரண்டு வடிவங்களில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் 'ர்' வடிவத்தை எடுத்து 'வாட்டர்' என்றது. நார்ஸ் 'ன்' வடிவத்தை எடுத்து 'வத்ன்' என்றது, இன்றைய நார்வேயில் அது 'வன்'. வசந்தத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. நார்ஸ் 'ர்' பக்கம் போனது, ஸ்லாவிய மொழிகளும் சமஸ்கிருதமும் 'ன்' பக்கம் போயின. 'வோர்' என்பதற்கும் 'வசந்தம்' என்பதற்கும் வால் வேறாக இருப்பதன் காரணம் இதுதான்.

மூலச்சொல்லுக்குப் பொருள் என்ன? பழைய அகராதிகள் பலவும் அதை 'ஒளிர்தல்' என்ற வேரோடு கட்டின. விடியலைக் குறிக்கும் 'உஷஸ்', கிரேக்க 'ஈஓஸ்' எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. வசந்தம் என்றால் ஆண்டின் விடியல். அழகான விளக்கம், அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய விளக்கம். இடிப்பது கிரேக்கத்தில்தான். விடியல் வேரின் தொடக்கத்தில் ஒரு தொண்டை ஒலி இருந்ததாகக் கணிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒலி இருந்தால் கிரேக்கத்தில் அதன் அடையாளமாகச் சொல்லின் முன்னால் 'அ' உயிர் ஒன்று தோன்றும். வசந்தத்தின் 'எஅர்' என்ற சொல்லில் அந்த உயிர் இல்லை. ஆகவே இரண்டும் வேறு வேராக இருக்கவே வாய்ப்பு அதிகம். வசந்தம் என்ற சொல்லுக்கு 'வசந்தம்' என்பதைத் தவிர வேறு மூலப்பொருள் இல்லாமலேயே இருக்கலாம். சொல்லாராய்ச்சியில் இதுபோன்ற விடை யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் பல சமயம் அதுதான் நேர்மையானது.

பொருள் தெளிவாக இருந்திருந்தால் சொல் இவ்வளவு அலைந்திருக்காது என்று நினைக்கிறேன். லிதுவேனியாவில் 'வாசரா' என்றால் கோடை. வசந்தத்துக்கு அவர்கள் முன்னொட்டு சேர்த்து 'பவாசரிஸ்' என்கிறார்கள். லத்தீன் 'வேர்' ஸ்பானிய மொழிக்குப் போய் 'வெரானோ' ஆனது, அங்கேயும் அது கோடை. ருமேனியாவின் 'வாரா' என்பதும் கோடைதான். குளிர் குறைந்து சூடு ஏறும் நீண்ட காலத்தில் எங்கே கோடு கிழிப்பது என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் வெயிலையும் பயிரையும் பார்த்து முடிவு செய்தது. சொல் அதற்கு ஏற்ப நகர்ந்து கொடுத்தது.

நம் பக்கமும் அதே கதைதான். பஞ்சாங்கப்படி வசந்த ருது என்றால் சித்திரை, வைகாசி. அக்கினி நட்சத்திரம் அதற்குள்தான் வருகிறது. கோயில்களில் வசந்த உற்சவம் என்பதே வெயிலுக்கு ஒதுங்கும் ஏற்பாடு. இறைவனைக் குளிர்ந்த மண்டபத்தில் எழுந்தருளச் செய்வார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர் உண்டு. சொல் தமிழுக்கு வந்ததும் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவியின் கடிதத்தைக் கோவலனிடம் கொண்டு போகும் தோழியின் பெயர் வயந்தமாலை. 'ச' ஒலி 'ய' ஆகி, 'வசந்தம்' 'வயந்தம்' என்று தமிழ் நாக்குக்கு வளைந்திருக்கிறது. ஆக, வடமுனையில் 'ர' ஒலிக்கு முன் மறைந்துபோன அதே 'ஸ்', தென்முனையில் 'ய' ஆக இளகியது.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். ஜெர்மானிய மொழிக்குடும்பத்தில் இந்தப் பழஞ்சொல்லைக் காப்பாற்றியவை பெரும்பாலும் வடக்கு மொழிகள்தான். வடகடல் கரையோரத்தில் வழங்கிய பழைய ஃப்ரீசிய மொழியில் அதன் தடயம் உண்டு. மற்றவர்கள் எல்லாம் கைவிட்டார்கள். ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் 'நீளும் பகல்' என்ற பொருள்படும் ஒரு சொல்லுக்கு மாறினார்கள். டச்சு 'லென்ட்டெ', ஜெர்மன் கவிதைகளில் வரும் 'லென்ட்ஸ்', கிறிஸ்தவர்களின் தவக்காலத்தைக் குறிக்கும் ஆங்கில 'லென்ட்' எல்லாம் அதன் வாரிசுகள். அந்தச் சொல்லின் பின்பாதி, நாள் என்ற பொருளுள்ள சமஸ்கிருத 'தின' என்பதன் உறவு என்று கருதப்படுகிறது. நம் 'தினம்' அதிலிருந்து வந்தது. பிறகு ஆங்கிலம் அதையும் விட்டுவிட்டுத் துள்ளி எழுவதைக் குறிக்கும் 'ஸ்பிரிங்' என்ற சொல்லுக்குப் போனது. ஜெர்மன் 'ஃப்ரூலிங்', 'ஃப்ரூயார்' என்று 'முற்பொழுது', 'முன்னாண்டு' பொருளில் புதுச்சொற்கள் கட்டியது.

டென்மார்க்கில் நடந்தது நார்வேக்கு நெருக்கமான சங்கதி. டேனிய மொழி வசந்தத்தை 'ஃபோர்-ஓர்' என்கிறது. ஆண்டின் முன்பகுதி என்று பொருள், வடஜெர்மன் வணிகர்களின் பேச்சிலிருந்து வந்த வார்ப்பு. நார்வே 1814 வரை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக டென்மார்க்கோடு ஒரே முடியின் கீழ் இருந்தது. எழுத்து மொழி டேனியம். சட்டம், சமயம், பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். 'ஃபோர்-ஓர்' என்ற சொல் புத்தகங்களில் நிறையவே வந்தது. ஆனால் வயலில் நின்றவர்கள் 'வோர்' என்பதை விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஈவர் ஓசன் என்ற மொழியியலாளர் ஊர் ஊராக நடந்து கிராமத்துப் பேச்சைச் சேகரித்து அகராதி தொகுத்தபோது அதில் இந்தச் சொல்லும் இடம்பிடித்தது. இன்று நார்வேயில் எழுத்து மொழி இரண்டு வகை. இலையுதிர்காலத்துக்கு ஒன்றில் 'ஹோஸ்ட்', மற்றதில் 'ஹௌஸ்ட்' என்று எழுதுவார்கள். வசந்தத்துக்கு மட்டும் இரண்டிலும் ஒரே 'வோர்'.

இனி பருவத்துக்கு வருவோம். நார்வேயின் பழைய காலக்கணக்கில் வசந்தத்துக்குப் பெரிய இடம் இல்லை. ஆண்டை அவர்கள் இரண்டாகத்தான் பிரித்தார்கள், கோடைப் பாதி, குளிர்ப் பாதி என்று. வயதைக் கூடக் குளிர்காலங்களால் எண்ணினார்கள். 'பன்னிரண்டு குளிர்காலம் ஆன பையன்' என்பது பழைய நார்ஸில் சாதாரணப் பேச்சு. பழைய புராணப் பாடல் ஒன்றில் கோடை, குளிர்காலம் இரண்டுக்கும் தகப்பன் பெயர் கேட்கப்படுகிறது. குளிர்காலத்தின் தகப்பன் 'விண்ட்ஸ்வால்', காற்றுக் குளிர்ச்சி என்று பொருள். கோடையின் தகப்பன் 'ஸ்வாசுத்'. வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் அப்பன் பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை.

மரத்தில் செதுக்கிய 'பிரிம்ஸ்தாவ்' என்ற நாட்காட்டிக் கழியும் அதே கணக்குத்தான். அது தட்டையான ஒரு கோல். ஒரு முகம் கோடைக்கு, மறுமுகம் குளிர்காலத்துக்கு. ஏப்ரல் 14 அன்று கோடை முகத்துக்குத் திருப்புவார்கள், அந்த நாளின் அடையாளம் ஒரு மரம். அக்டோபர் 14 அன்று மறுபடி திருப்புவார்கள், அடையாளம் ஒரு கையுறை. (ஏப்ரல் 14 என்றதும் நமக்குச் சித்திரைப் பிறப்பு நினைவுக்கு வரும். வெறும் தற்செயல்தான்.) நார்வேயின் பெரும்பகுதியில் ஏப்ரல் 14 அன்று வெளியே போய்ப் பார்த்தால் பனி கிடக்கும். கழிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வசந்தத்துக்கு அதில் தனி முகம் கிடையாது.

அப்படியானால் 'வார்' என்பது எப்போது? இதற்கு ஒரு தெளிவான பதில் ஐஸ்லாந்தின் ஸ்னோர்ரி ஸ்துர்லுசோனிடம் (1179–1241) கிடைக்கிறது. கவிஞர்களுக்காக அவர் எழுதிய 'எட்டா' நூலில் பருவங்களின் எல்லைகளைச் சொல்கிறார். சம இரவுபகல் நாளிலிருந்து, சூரியன் வானின் குறிப்பிட்ட திசையில் மறையத் தொடங்கும் வரை இலையுதிர்காலம். அதன்பின் அடுத்த சம இரவுபகல் வரை குளிர்காலம். அங்கிருந்து 'ஃபார்தாகர்' வரை வசந்தம். அங்கிருந்து மறுபடி சம இரவுபகல் வரை கோடை. நான்கு எல்லைகளில் மூன்று வானத்தைப் பார்த்துச் சொன்னவை. வசந்தம் முடியும் எல்லை மட்டும் மண்ணைப் பார்த்தது. 'ஃபார்தாகர்' என்றால் குடிபெயரும் நாட்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் குத்தகைக்காரர்கள் ஒரு பண்ணையை விட்டு இன்னொன்றுக்கு மாறும் சட்டப்படியான காலம். வசந்தம் எப்போது முடியும் என்று கேட்டால், மூட்டை கட்டும்போது முடியும் என்பதுதான் பதில்.

இதோடு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியதைச் சேர்த்துப் படிக்கலாம். ஜெர்மானியர்கள் குளிர்காலம், வசந்தம், கோடை மூன்றையும் அறிவார்கள், மூன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், இலையுதிர்காலத்தின் பெயரும் தெரியாது அதன் வளமும் தெரியாது என்கிறார் அவர். திராட்சை விளையும் நாட்டுக்காரரின் இளக்காரம் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் 'ஹோஸ்ட்' என்ற நார்வேஜியச் சொல் அறுவடை என்ற பொருளில் கிளம்பி, பிறகு பருவப் பெயரானது என்பதோடு அது ஒத்துப்போகிறது. வசந்தத்துக்கு அப்படி ஒரு தொழில் மூலம் இல்லை. அது முதலிலிருந்தே பருவப் பெயராகத்தான் இருந்திருக்கிறது.

வைக்கிங் கதைகளில் வசந்தம் என்றால் விதைப்பும் கப்பலும். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளில் நார்ஸ் பிரபுக்கள் ஆண்டார்கள். அங்கே கேர்சே என்ற சிறு தீவில் ஸ்வெய்ன் ஆஸ்லெய்ஃபர்சோன் என்று ஒருவர் இருந்தார். வசந்தத்தில் நிலம் முழுக்க விதைத்துவிட்டு ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கும் அயர்லாந்துக்கும் கொள்ளையடிக்கப் போவார். நடுக்கோடை கழிந்து திரும்புவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வார்-வைக்கிங்', வசந்தக் கொள்ளை. அறுவடை முடிந்து தானியம் உள்ளே வந்ததும் மறுபடி கிளம்பி, குளிர்காலம் ஒரு மாதம் ஓடிய பிறகுதான் வீடு. அதன் பெயர் இலையுதிர்காலக் கொள்ளை. விவசாயி ஒருவர் விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் உபதொழில் பார்ப்பதைப் போலத்தான் அந்தக் கதை சொல்கிறது.

கொள்ளைக்குப் போகாத சாதாரணக் குடியானவனுக்கு 'வோர்' என்ற சொல்லின் நெடி வேறு. இன்றைய சுற்றுலா விளம்பரங்களில் வசந்தம் என்றால் ஹார்டங்கர் ஃபியோர்டு ஓரத்து ஆப்பிள் பூக்கள். ஆனால் இந்தச் சொல்லிலிருந்து பிறந்த கூட்டுச்சொற்களில் பழைய நார்வேயை நன்றாகக் காட்டுவது 'வோர்க்னீபெ' என்ற சொல். வசந்த நெருக்கடி. இலையுதிர்காலத்தில் சேர்த்து வைத்த வைக்கோல் குளிர்காலம் முழுதும் மாடுகளுக்குப் போதாது. ஏப்ரலில் களஞ்சியம் காலியாகும், வெளியே புல் இன்னும் முளைத்திருக்காது. மரப்பட்டை, காய்ந்த இலை, பாசி, கடற்கரையில் கடற்பாசியும் மீன் தலையும், எது கிடைத்தாலும் வேகவைத்து மாட்டுக்குக் கொடுத்தார்கள். மேய்ச்சலுக்குத் திறந்துவிடும் நாளில் எழுந்து நிற்கக்கூட முடியாத பசுக்களைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்ட செய்திகள் உண்டு. வசந்தம் வந்துவிட்டது என்றால் கொண்டாட்டம் என்பது பசி தாண்டிய நாடுகளின் நினைப்பு. 19ஆம் நூற்றாண்டில் தீவனப் பயிர்களும் விவசாய முறைகளும் மேம்பட்ட பிறகே இந்த நெருக்கடி தணிந்தது. இன்று இந்தச் சொல்லைக் கேள்விப்படாத இளைஞர்கள் ஏராளம்.

நெருக்கடி தீர்ந்தால் வேலை. வசந்த உழவும் விதைப்பும் 'வோர்-ஒன்' எனப்படும். 'ஒன்' என்றால் பண்ணையில் மூச்சு விட நேரமில்லாத பருவ வேலை. புல்லறுப்புக்கு ஒன்று, கதிரறுப்புக்கு ஒன்று, அவற்றுக்கு முன்னால் இது. அப்புறம் வினைச்சொல்லாகவும் வசந்தம் வரும். 'தே வோரஸ்' என்பார்கள். 'வசந்தமாகிக்கொண்டு வருகிறது' என்று ஒரே வினையில். எழுவாய் என்று ஒருவரும் கிடையாது, மழை பெய்கிறது என்பதைப் போலத் தானாக நடப்பது. 'ஈ வோர்' என்றால் இந்த வசந்தம், 'தில் வோரன்' என்றால் வரப்போகும் வசந்தம். உணவகப் பட்டியலில் 'வோர்ருல்' என்று பார்த்தால் பருவத்தைத் தேட வேண்டாம், அது ஸ்பிரிங் ரோல். சீனாவின் வசந்தத் திருவிழாப் பண்டம், பெயரோடு மொழிபெயர்ந்து வந்திருக்கிறது.

கடலில் வசந்தம் இன்னும் முன்னால் வந்துவிடும். நார்வேயின் மிக முக்கியமான ஹெர்ரிங் மீன் கூட்டத்துக்கு 'வசந்தத்தில் முட்டையிடும் நார்வே ஹெர்ரிங்' என்றுதான் அதிகாரபூர்வப் பெயர். 1960களின் இறுதியில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் அது அழிவின் விளிம்புக்குப் போய், பல ஆண்டுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு மீண்டது. அது மேற்குக் கரையில் முட்டையிடுவது பிப்ரவரி, மார்ச்சில். கரையில் நிற்பவர்கள் அதைக் குளிர்காலம் என்பார்கள், மீன் வசந்தம் என்கிறது.

நிலத்தில் வடக்கே போகப் போக ஒரு சொல் போதாமல் ஆகிறது. நார்வேயின் வடக்கில் வாழும் சாமி மக்கள் கலைமான் மேய்ப்பை ஒட்டி ஆண்டை எட்டுப் பருவமாகப் பிரிக்கிறார்கள். வட சாமி மொழியில் 'கித்தா' என்றால் வசந்தம். அதற்கு முன்னால் வசந்தக் குளிர்காலம், பின்னால் வசந்தக் கோடை. பகலில் இளகிய பனி இரவில் இறுகி மேலே ஓடுபோல் படிவது, கலைமான்கள் கன்று போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்காலம் தேவைப்படுகிறது. இந்த மொழி வேறு குடும்பம், ஃபின்னிய மொழியின் உறவு. நம் 'வசந்தம்', நார்வேயின் 'வோர்' இரண்டோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. நார்வேஜிய மொழியிலும் 'வோர்வின்டர்' என்று ஒரு சொல் உண்டு. வெளிச்சம் வசந்தத்துடையது, தரை குளிர்காலத்துடையது என்ற நிலையைக் குறிக்க.

இவ்வளவு வழுக்கும் ஒரு சொல்லுக்கு நார்வே வானிலை ஆய்வு நிறுவனம் ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. நாளின் சராசரி வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் ஏறத் தொடங்கினால் 'வோர்'. 10 டிகிரியைத் தாண்டினால் கோடை. இறங்கும்போது 10க்கும் 0க்கும் நடுவில் இலையுதிர்காலம், 0க்குக் கீழே குளிர்காலம். தேதிக்கு இதில் வேலை இல்லை. தென்மேற்குக் கரையில் வசந்தம் வந்து பல வாரம் கழிந்த பிறகும் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பீடபூமியில் குளிர்காலம் தொடரும். மேலும் எல்லா ஊருக்கும் நான்கு பருவமும் கிடைத்துவிடாது. வடகிழக்கு மூலையில் உள்ள வார்தோ நகரில் 1961–1990 சராசரிப்படி எந்த மாதமும் 10 டிகிரியை எட்டவில்லை. இந்தக் கணக்கில் அங்கே வசந்தம் முடிந்ததும் நேராக இலையுதிர்காலம்தான். 1991–2020 சராசரியில் அந்த ஊருக்கும் ஒரு கோடை கிடைத்துவிட்டது. லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தின் கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கும் ரோஸ்ட் தீவில் நிலைமை தலைகீழ். வெதுவெதுப்பான கடல்நீரோட்டத்தால் அங்கே குளிர்கால மாதங்களின் சராசரி கூட 0 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் அதிகாரபூர்வக் கணக்கில் ரோஸ்ட் தீவுக்குக் குளிர்காலமே கிடையாது. இலையுதிர்காலம் முடியும் இடத்திலேயே 'வோர்' தொடங்கிவிடுகிறது.